மூக்கழகிக்கு லீவு

மஸீனா டீச்சரின் முகம் தெரியாதவர்கள் அக்குறணையில் நிறையப் பேர் இருக்கலாம். அவருடைய சிவப்பு ஸ்கூட்டியைத் தெரியாதவர்கள் குறைவு. மாத்தளை வீதியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே கிடைக்கிற சின்ன இடைவெளியில், அபாயாவின் ஓரத்தை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு, அடிக்க வேண்டிய இடத்தில் கூசாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவார்.

அதை அவர் வாங்கிய காலத்தில் அவருடைய ஒழுங்கையில் வேறெந்தப் பெண்ணும் ஸ்கூட்டி ஓட்டவில்லை. கடைவாசலில் பிளேன்டீயோடு நின்ற ஆண்களுக்கு அது நல்ல தீனி. தூரத்தில் சத்தம் கேட்டதுமே ஒருவர், "ஒதுங்குங்க, பிளேன் எறங்கப் போகுது" என்பார். மற்றவர்கள் அவசரமாகக் கடைப் படியில் ஏறி நின்று, ஏதோ பெரிய மரியாதைபோல வழிவிடுவார்கள். மஸீனா வீட்டுக்கு வந்து கணவர் நஸீபிடம் முறையிட்டபோது, வெண்கலச் சாமான் கடை வைத்திருந்த அந்த மனிதர் சோற்றிலிருந்து தலை நிமிர்த்தாமல், "விழுந்தா மட்டும் எனக்குச் சொல்லுங்க. சிரிச்சாச் சொல்ல வேணாம்" என்றார்.

மஸீனா விழவில்லை. நேரே பார்த்து ஓட்டினார். அதே படியில் ஏறி நின்ற மனிதர்களின் மகள்மார் பின்னர் பாடசாலை மைதானத்தில் அவரிடமே ஸ்கூட்டி பழகினார்கள். அன்றிலிருந்து அவருக்கு வாழ்க்கையைப் பற்றி ஓர் உறுதியான கொள்கை உண்டானது: சிரிக்கிறவன் சிரிக்கட்டும், நாம் ஓட்டிக்கொண்டே போனால் அவன் பின்னால் நின்றுவிடுவான். தைரியமில்லாத பிள்ளைகளுக்கும் அழுதுகொண்டு வரும் புது ஆசிரியைகளுக்கும் அவர் இந்த ஒரே மருந்தைத்தான் கொடுத்து வந்தார். பெரும்பாலும் அது வேலையும் செய்தது.

அந்த வருடம் அவர் தரம் ஏழுக்கு வகுப்பாசிரியையாக இருந்தார். பாடசாலை மேட்டில் இருக்கிறது. தரம் ஏழு மேல்மாடியில், வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள் வைத்த நீளமான அறை. காலையில் மலைப்பக்கமிருந்து குளிர் இறங்கி வரும் என்பதால் மற்ற வகுப்புகளில் ஜன்னல்களைச் சாத்தியே வைப்பார்கள். தரம் ஏழில் மட்டும் காலைமணி அடித்ததும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்துபோய் ஜன்னல்களைத் திறப்பார்கள். யாரும் சொல்லாமலே செய்கிறார்களே என்று மஸீனாவுக்குச் சந்தோஷம். காற்றோட்டத்தின் நன்மைகளைப் பற்றி ஒருநாள் நாலு வார்த்தை பேசி, எல்லோரையும் பாராட்டியும் விட்டார்.

பாடசாலையின் இரண்டாம் தவணை நடுவில் ஒருநாள் ருஷ்தாவின் உம்மா வந்தார். ருஷ்தா அந்த வருடம்தான் கடுகண்ணாவையிலிருந்து வந்து சேர்ந்தவள். வாப்பா ரஸீன் சந்தையில் கருவாடு விற்கிறவர். ஒல்லியான பிள்ளை, கையெழுத்து அழகு, கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் மஸீனாவுக்கு அவளைப் பற்றித் தெரியும்.

உம்மா கதிரையில் உட்காரவில்லை. விடுகைப் பத்திரம் எடுக்க வந்ததாகச் சொன்னார். எந்த ஸ்கூலுக்குப் போகப் போகிறா என்று மஸீனா கேட்டார்.

"ஒரு ஸ்கூலுக்கும் இல்ல டீச்சர். அவ வீட்டில ஈக்கட்டும்."

"ஏன், வீட்டில ஏதும் கஷ்டமா?"

"வீட்டில ஒரு கஷ்டமும் இல்ல." அவர் ஸ்டாப் ரூம் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜன்னலத் தொறக்குறாங்களாம்."

மஸீனாவுக்கு விளங்கவில்லை.

"மகள் வந்து ஒக்காந்ததும் ஒவ்வொன்டாத் தொறக்குறாங்களாம். வாயால ஒரு சொல் சொல்றதில்லையாம். நீங்களும் நல்ல புள்ளயள்ன்டு சொல்லீக்கிறீங்களாம்."

அதற்குப் பிறகு உம்மா சொன்னதெல்லாம் மஸீனாவின் காதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. கருவாட்டு மணம் போகப் பிள்ளை காலையிலும் மாலையிலும் தேசிக்காயைப் பிழிந்து தேய்த்துக் குளிக்கிறாளாம். கழுத்தும் முழங்கையும் தோலுரிந்து எரிகிறதாம். வாப்பாவின் சட்டை தொங்குகிற கொடியில் தன் சீருடையைப் போட விடுவதில்லையாம். முன்பெல்லாம் லீவு நாளில் சந்தைக்குப் போய் வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்று காகிதம் மடித்துக் கொடுத்தவள், இப்போது சந்தையிருக்கும் பக்கம் திரும்புவதும் இல்லையாம். ரஸீனுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் தொழிலையே விட்டுவிடுவார் என்று உம்மாவுக்குப் பயம். அவரிடம் எதுவும் சொல்வதில்லை என்று மஸீனாவிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

மஸீனா இந்தத் தவணை முடியும்வரை மட்டும் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினார். அவர் யாரிடமும் இலேசில் கெஞ்சுகிறவர் அல்லர். உம்மா ஒருவழியாக இறங்கி வந்தார்.

"தவணை முடியட்டும். அதுக்குப் பொறகு நான் வந்து கேட்டா நீங்க மறிக்கப்படாது."

மறிப்பதில்லை என்று மஸீனா வாக்குக் கொடுத்தார்.

பாடசாலை அதிபர் ஸெய்னுலாப்தீன் சேர் விஷயத்தைக் கேட்டதும் கோபப்பட்டு, தலைவன் யாரோ அவனைக் காலைக் கூட்டத்தில் நிறுத்துவோம் என்றார். தலைவன் யாரென்பதில் மஸீனாவுக்குச் சந்தேகமில்லை. ரிஸ்மி. போன் கடைக்காரரின் மகன். கெட்டிக்காரன், பகிடிக்காரன், அவன் கண்ணைச் சிமிட்டினால் வகுப்பு முழுவதும் சிரிக்கும். அவனுக்குப் பக்கத்தில் எப்போதும் ஸாகி, அவனுடைய நிழல்போல. ஆனால் கூட்டத்தில் நிறுத்தி என்ன குற்றம் என்று வாசிப்பது? ஜன்னல் திறந்த குற்றமா? அந்தப் பாராட்டைக் கொடுத்த டீச்சரும் அல்லவா பக்கத்தில் நிற்க வேண்டும்?

வழி இடைவேளையில் கிடைத்தது. மைதானத்தில் பையன்கள் ஸ்வெட்டரின் கைகளைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, முதுகில் அது பறக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மதிலிலிருந்து குதித்தான், இன்னொருவன் கையை நீட்டிக் கட்டடத்தைத் தாங்கிப் பிடித்தான். மஸீனா மேலே நின்று பார்த்தார். இந்தப் பிள்ளைகளுக்கு உபதேசம் சொன்னால் கொட்டாவி வரும், வீரசாகசம் சொன்னால் வாய் மூடாது.

மறுநாள் தமிழ்ப் பாடவேளையின் கடைசிப் பகுதியில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுக் கதை தொடங்கினார். அக்குறணையில் ஒரு பெண்பிள்ளை. பெயர் மூக்கழகி. பெயரைக் கேட்டதும் வகுப்பு குலுங்கியது, மஸீனா அதை எதிர்பார்த்தே வைத்திருந்தார். மூக்கழகி சந்தைக்காரர் ஒருவரின் மகள். அவளைக் கண்டால் ஊரே முகம் சுளிக்கும். ஆனால் அவளுடைய மூக்கு சாதாரண மூக்கல்ல. ஆறாம் மைல்கட்டையில் நின்று எட்டாம் மைல்கட்டையில் எந்த வீட்டில் பால் அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிடும். கடைக்கு மேலே கட்டுகிற நீலநிறத் தரப்பாள்தான் அவளுடைய சிறகு. அதை உதறிப் போர்த்துக்கொண்டால் போதும், கரண்ட் கம்பிக்கு மேலே பறப்பாள். கொத்துரொட்டிக் கடையொன்றில் கேஸ் கசிந்தபோது யாருக்கும் தெரியவில்லை, மூக்கழகி பறந்து வந்து அடைத்தாள். பிங்கா ஓயா ஆறு பெருகுவதற்கு முன்னமே சேற்றின் மணத்தைப் பிடித்துக் கடைக்காரர்களை எழுப்பினாள், அவர்கள் சாமான்களை மேல்தட்டில் ஏற்றினார்கள்.

எதிரியும் இருந்தான். டொக்டர் அத்தர். ஊர் முழுவதும் வாசனைத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, அந்த மணத்தின் மறைவில் பழுதான சாமான்களை விற்கிறவன். இதைக் கேட்டு ரிஸ்மியே மேசையில் தட்டினான்.

கதை நாளுக்கு நாள் நீண்டது. மணியடித்தாலும் பிள்ளைகள் எழும்பவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து இரண்டு பேர் பின்கதவருகே வந்து நின்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் ஜன்னல்கள் சாத்தியபடியே கிடந்தன. மஸீனா அன்று பின்னேரம் வீட்டுக்குப் போன வேகத்தில் ஸ்கூட்டிக்கே பயம் வந்திருக்கும். நஸீபிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "இவ்வளவு லேசா முடிஞ்சிட்டா?" என்றார். சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றுவதே இந்த மனிதருக்கு வேலை என்று மஸீனா நினைத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை இடைவேளையில், மறந்துவிட்டுப் போன கைப்பையை எடுக்க அவர் மேல்மாடிக்கு ஏறினார். வகுப்பில் ருஷ்தாவின் மேசையைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருவன் கையில் காலுறை. ஒருத்தி கையில் மூடிய சாப்பாட்டுப் பெட்டி. ஸாகி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலில் கழற்றிய சப்பாத்தை நீட்டிக்கொண்டிருந்தான். ரிஸ்மி கதிரையில் ஏறி நின்று கிரிக்கெட் வர்ணனைபோல முழங்கினான்.

"மூக்கழகி இதோ மோந்து பாக்குறா. சப்பாத்து யாருட? சொல்லு மூக்கழகி, ஊரு காத்துக்கொண்டீக்கி."

ருஷ்தா குனிந்து அந்தச் சப்பாத்தை முகர்ந்தாள். "ஸாகிட" என்றாள், சீக்கிரம் முடிந்தால் போதும் என்பதுபோல. கூட்டம் கைதட்டியது.

மஸீனாவின் குரல் வாசலிலிருந்து வெடித்ததும் எல்லோரும் சிதறினார்கள். அவர் ருஷ்தாவை மாடிப்படிக்கு அழைத்துப்போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். பிள்ளை அழவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"டீச்சர், அந்தக் கதைய நிப்பாட்டுங்க."

"அது உங்களப் பத்தின கதை இல்ல மகள்."

"என்னப் பத்தித்தான். சந்தைக்காரர்ட மகள். மூக்கு. வேற யாரு?"

"நல்லதாத்தானே சொன்னேன்?"

"நல்லதாச் சொன்னாலும் என்னத்தானே காட்டினீங்க. முந்தி ஜன்னலப் பாத்தாங்க. இப்ப என்னப் பாக்குறாங்க." அவள் கழுத்தின் புண்ணை விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள். "எனக்கு ஊரக் காப்பாத்த ஏலா டீச்சர். எனக்கு இன்டர்வெல்லுக்கு மத்தப் புள்ளயளோட ஒக்காந்து தின்னணும். அவ்வளவுதான்."

மஸீனா அன்று ஸ்கூட்டியை மெதுவாக ஓட்டினார். அவருடைய கொள்கை எங்கே பிழைத்தது என்பது சந்திக்கு வரும்போதே தெரிந்துவிட்டது. ஸ்கூட்டிக்கு இரண்டு சில்லு, அது ஓடும், சிரித்த கடைவாசல் பின்னால் போய்விடும். ருஷ்தாவின் மேசைக்குச் சில்லு இல்லை. காலையிலிருந்து பாடசாலை விடும்வரை அவள் அந்தக் கடைவாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். போதாதென்று, சிரிக்கிறவர்களையெல்லாம் வெள்ளத்திலிருந்தும் காப்பாற்று என்று ஒரு தரப்பாளையும் அவள் தோளில் போட்டாயிற்று.

சந்தை நாளில் அவர் ரஸீனின் கடைக்குப் போனார். பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்வதற்கு அல்ல, அது உம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. ஏன் போனார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கருவாட்டுக் கடை சந்தையின் கடைசி மூலையில் இருந்தது. சனம் மரக்கறி, தேங்காய், துணி எல்லாம் வாங்கி முடித்து, கடைசியில்தான் அங்கே வந்தது. வந்தவர்கள் நிற்கும் விதமே வேறு. யாரும் குரல் உயர்த்திப் பேரம் பேசவில்லை. விரலால் காட்டினார்கள், ரஸீன் நிறுத்தார், பழைய பேப்பரில் சுற்றினார், இன்னொரு பேப்பரில் சுற்றினார், சொப்பிங் பேக்கில் போட்டு முடிந்தார். வாங்கியவர்கள் அதைத் தேங்காய்க்கும் கீரைக்கும் அடியில் தள்ளிவிட்டு, எதுவும் வாங்காதவர்கள் மாதிரி நடந்தார்கள். ஒரு பெண் வீட்டிலிருந்தே பெரிய புடவைக் கடையின் பளபளப்பான பை ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். கருவாட்டுப் பொதியை அதற்குள் இறக்கி, மேலே சால்வையொன்றை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மஸீனாவைக் கண்டார். ரிஸ்மியின் உம்மா. இரண்டு பேரும் ஸலாம் சொன்னார்கள், வெயிலைப் பற்றி ஏதோ கதைத்தார்கள், இரண்டு பேருமே அந்தப் பையைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் போன பிறகு மஸீனா கட்டாக் கருவாடு கேட்டார். ரஸீன் சுற்றிக் கொடுத்ததும், "இன்னொரு பேப்பர் சுத்துங்க ரஸீன் நானா. ஸ்கூட்டியில கொண்டு போகணும்" என்றார்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் ஜன்னல் திறக்க யாரும் சொல்லிக் கொடுத்திருக்கத் தேவையில்லை. பெரியவர்கள் பொதி சுற்றுவதைப் பார்த்திருந்தால் போதும். ரஸீன் ஒன்றும் நினைக்காமல் இன்னொரு பேப்பரை எடுத்தார். "இப்ப போனாங்களே, அவங்க எப்பவும் வாறவங்களா?" என்று மஸீனா கேட்டார். ரஸீன் சிரித்துக்கொண்டே நூலைக் கட்டினார். கடையில் வாங்குறவங்களைப் பற்றி அவர் கதைப்பதில்லையாம், அது ஒரு பழக்கமாகிவிட்டதாம்.

மஸீனா அடுத்த நாள் ருஷ்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, கதையைப் பாதியில் விட்டால் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள், அவளைத்தான் நச்சரிப்பார்கள் என்று உள்ளதைச் சொன்னார். தொடர்ந்தாலும் அதே கதிதான். தான் செய்த பிழையைத் திருத்தத் தனக்கு வழி தெரியவில்லை என்றும் சொன்னார். "நீங்க சொல்லுங்க மகள். மூக்கழகிய என்ன செய்ற?"

ஒரு டீச்சர் தன்னிடம் இப்படிக் கேட்பாரென்று ருஷ்தா நினைத்திருக்கமாட்டாள். நிலத்தைப் பார்த்தாள். "அவளுக்கு லீவு குடுங்க" என்றாள். கொஞ்சத் தூரம் போனவள் திரும்பி வந்தாள். முகத்தில் மஸீனா அதுவரை காணாத ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. "நான் சொல்லவா டீச்சர்? ஒரு நாளைக்கு மட்டும்?"

மஸீனா சரி என்றார். தவணை முடிய அதிக நாளில்லை. இதுவும் பிழைத்தால் பிள்ளை போய்விடுவாள், பிறகு எந்த வகுப்பிலும் உட்காரமாட்டாள். இருந்தாலும், முதல்தடவை ஒருத்தி ஹாண்டிலைப் பிடிக்கும்போது பின்சீட்டிலிருந்து அதை இழுத்துத் திருப்பக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். அன்று அவர் வகுப்பின் பின்னால், பிள்ளைகள் உட்காரும் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார்.

ருஷ்தா கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். தொடக்கத்தில் குரல் எழும்பவில்லை. "சத்தமா, சத்தமா" என்றான் ரிஸ்மி. அவள் சத்தமாகச் சொன்னாள்.

மூக்கழகிக்கு அலுத்துப் போய்விட்டது. ஊரெல்லாம் மோந்து மோந்து மூக்கடைத்துத் தடிமன் பிடித்துவிட்டது. லீவு எடுத்துக்கொண்டு வாப்பாவின் கடையில் போய் நின்றாள். தரப்பாளை வெயிலுக்குக் கட்டியாயிற்று, அதனால் பறக்கவும் ஏலாது. வாப்பா நிறுக்க இவள் பேப்பர் மடித்தாள். அப்போது கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

ருஷ்தா தோளைக் குறுக்கி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, டொக்டர் அத்தரின் குரலில் கிசுகிசுத்தாள்: "கட்டா அரைக் கிலோ. நல்லாச் சுத்துங்க. யாருக்கும் சொல்ல வேணாம்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கடைசி வாங்கில் மஸீனா வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கிசுகிசுப்பு அவருடையதும்தான். ருஷ்தா நிற்காமல் போனாள். ஒருவர் பையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வருகிறார், ஒருவர் குடைக்குள் ஒளித்துக்கொண்டு போகிறார், குடைக்குள் பூனை ஏறுகிறது. ஒவ்வொருவரின் நடையையும் அவள் நடந்தே காட்டினாள். இந்தப் பிள்ளையின் உடம்பில் இவ்வளவு நாளும் இது எங்கே இருந்தது என்று மஸீனா திகைத்தார். மூக்கழகிக்கு ஊரில் எந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று ஒன்று விடாமல் தெரியும் என்று ருஷ்தா முடித்தாள்.

"அப்படியென்டாச் சொல்லேன் பாப்பம்" என்றான் ரிஸ்மி. கதிரையைப் பின்னால் சரித்து ஆடிக்கொண்டிருந்தான். "எங்கட வகுப்பில யாருட வீட்டில வாங்குற?"

சிரிப்பு நின்றது. ஒவ்வொரு முகமும் உள்ளே போய்த் தன் வீட்டுக் குசினியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது மஸீனாவுக்குத் தெரிந்தது. புடவைக் கடைப் பை அவர் கண்ணில் நின்றது. ஒரு சொல் போதும். ருஷ்தாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? பேப்பர் மடித்துக் கொடுத்த கையல்லவா? மஸீனா பாதி எழும்பினார், பிறகு உட்கார்ந்தார்.

ருஷ்தா ரிஸ்மியை நேரே பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் யாரையும் நேரே பார்த்து மஸீனா கண்டதில்லை.

"தெரியும்."

"தெரிஞ்சாச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன், பயமா?"

"கடையில வாங்குறவங்களப் பத்தி வெளியில கதைக்கப்படாது. வாப்பா அப்படித்தான் பழக்கின." அவள் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். "மூக்கழகிட பவர் அதுதான். மோந்து பாக்குறது இல்ல. நாய்க்கும் மோந்து பாக்க ஏலும்."

ரிஸ்மியின் கதிரை நாலு காலுக்கும் வந்து நின்றது.

அப்போது ஸாகி, எழும்பாமலே, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எங்கட வீட்டில வாங்குற. கட்டா. வாப்பாக்கு அது இல்லாட்டிச் சோறு எறங்கா."

ஒரு கணம் எல்லோரும் ரிஸ்மியைப் பார்த்தார்கள், சிரிக்கலாமா என்று கேட்பதுபோல. அவன் கண்ணைச் சிமிட்டவில்லை. முன்வரிசையில் ஒருத்தி தன் வீட்டில் நெத்தலிதான் என்றாள், வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பொரித்தால் தானே சட்டியை வழிப்பாளாம். கட்டாவைக் கத்தரிக்காயோடு ஆக்காதவர்களுக்கு வாயில் ருசியே இல்லை என்றான் ஸாகி. கத்தரிக்காயைப் போட்டுக் கட்டாவை நாசமாக்குகிறவர்களும் மனிதர்களா என்று பின்வரிசை கேட்டது. பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை. தரம் ஏழு கருவாட்டுக்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடித்தது. நடுவில் யாரோ, "ரிஸ்மிட வீட்டிலயும் கட்டாவாத்தான் ஈக்கும்" என்றார்கள்.

"எங்கட உம்மா கட்டா வாங்குறதில்ல" என்றான் ரிஸ்மி சுருக்கென்று. "சுறா."

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கே கேட்டது. வகுப்பு கூரை பறக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு தன்மேல் விழுவது அவனுக்குப் புதிது. காது சிவந்து சுற்றிலும் பார்த்தான். பிறகு, கொஞ்சம் தாமதமாக, அவனும் சிரித்தான். சிரிக்காமல் நின்றவள் ருஷ்தா ஒருத்திதான். "சுறாவென்டா ஊற வெச்ச தண்ணிய ரெண்டு தடவ மாத்தணும். இல்லாட்டி உப்பு" என்றாள், கடைக்காரியின் குரலில். மணியடித்தது.

ரிஸ்மி அதற்குப் பிறகு மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி மஸீனா வற்புறுத்தவும் இல்லை, சொல்லிக் கொடுத்து வாங்குகிற மன்னிப்புக்கு என்ன விலை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் பின்னேரம் வகுப்பை நிறுத்திவைத்து, ஜன்னல் திறந்ததற்காகத் தான் ஒருமுறை பாராட்டியதாகவும், அந்தப் பாராட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய வாழ்க்கையிலேயே மிகக் குறுகிய உபதேசம் அதுவாகத்தான் இருக்கும். ரிஸ்மி அவ்வப்போது வாயை வைக்கத்தான் செய்தான். ருஷ்தா இப்போது திருப்பிக் கொடுத்தாள். ஒருநாள் அவன், "தள்ளி நில்லு, மணக்குது" என்றதற்கு, "ஒங்கட வீட்டுச் சுறாவா ஈக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். அவளைச் சுற்றி மூன்று நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

தவணையின் கடைசி நாள் உம்மா வந்தார். அதிபரின் அறைக்கு மஸீனாவைக் கூப்பிட்டு ஆள் வந்தது. மறிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தாயிற்று. சில நாள் சிரித்ததை வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் என்ன வாதாடுவது? கழுத்துப் புண் ஆறினாலும் தழும்பு இருக்கத்தானே செய்யும்?

ஸெய்னுலாப்தீன் சேர் விடுகைப் பத்திரத்தின் படிவத்தை எடுத்து மேசையில் வைத்திருந்தார். உம்மா இந்தத் தடவை கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகளையும் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன் டீச்சர்" என்றார். "வர மாட்டேன்றா."

"ஏன், எங்க ஈக்கிறா?"

"வராந்தாவில. ஒரு பொடியனோட சண்டை புடிச்சிக்கொண்டு நிக்கிறா. நான் கூப்பிட்டேன், 'கொஞ்சம் நில்லுங்க உம்மா'ன்டு கையக் காட்டுறா. எனக்கு."

மூவரும் காது கொடுத்தார்கள். வராந்தாவில் ஸாகியின் குரலும் ருஷ்தாவின் குரலும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கேட்டன. மூக்கழகியின் லீவு முடிந்துவிட்டது, அடுத்த தவணையில் அவள் கண்டி நகரத்துக்குப் பறக்க வேண்டும் என்று ஸாகி. அவள் பறக்கமாட்டாள், பஸ்ஸில்தான் போவாள், டிக்கட்டும் எடுப்பாள் என்று ருஷ்தா. பஸ்ஸில் போகிறவள் என்ன வீராங்கனை என்று அவன் கத்த, சனம் நெரிக்கிற மாத்தளை பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் பார் என்று அவள் கத்தினாள்.

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெக்கையும் இருந்தது, வேறு காரணமும் இருக்கலாம். "வீட்டிலயும் இப்ப இதுதான் டீச்சர். வாய் மூடுறதில்ல. போன சந்தைக்கு வாப்பாவோட போய் நின்டு, வாறவங்கள்ட்டயெல்லாம் கதை" என்றார். பிறகு அதிபரின் பக்கம் திரும்பினார். "அத வையுங்க சேர். இப்ப வேணாம்."

அதிபர் படிவத்தை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார். மஸீனா ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வராந்தாவில் சத்தம் இன்னும் கூடிக்கொண்டு போனது, பக்கத்து வகுப்பில் திருத்திய பரீட்சைத் தாள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து வெளியே போனார்.

"ருஷ்தா, ஸாகி. இது ஸ்கூலா, சந்தையா?"

"சந்தையில இவ்வளவு சத்தம் இல்ல டீச்சர்" என்றாள் ருஷ்தா.

மஸீனா இரண்டு பேரையும் சுவரோரம் நிற்கவைத்து, வராந்தாவில் கத்துகிற பிள்ளைகளைப் பற்றி வழக்கமாகச் சொல்கிற எல்லாவற்றையும், ஒரு சொல்லும் குறையாமல், நிதானமாகச் சொன்னார்.